மடிக்கம்பி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூங்காவின் கேட் சாத்தியிருந்தது. என் வீட்டுக்காரர் வேனின் ஹாரனை அழுத்தினார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"மெதுவாங்க, கேட்டே எழுந்து வந்து திறந்துடப் போகுது" என்றேன். மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி வந்ததில் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டும், பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கேட்டுக்குப் பின்னால் ஒரே மூடுபனி. அதற்குள் அங்கங்கே சிவப்பு இரும்புத் தூண்கள் எழுந்து மேலே போய்க் காணாமல் போயின. அதுதான் நாங்கள் ஓட்டிக் காட்ட வேண்டிய ரோலர் கோஸ்டர்.

எங்கள் பிழைப்பே இதுதான். எங்காவது புதிதாக ஒரு பூங்கா திறந்தால் அங்கே போய்த் தங்கி, ரோலர் கோஸ்டரைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவோம். அவர் ஃபிட்டர். தண்டவாளம், சக்கரம், போல்ட் எல்லாம் அவர் பொறுப்பு. நான் கன்ட்ரோல் இன்ஜினியர். ரயிலை எப்போது விடுவது, எங்கே பிடிப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருகிறவள். "அவர் கை, நான் மூளை" என்று நான் சொல்வேன். "நான் கை, அவ வாய்" என்று அவர் திருத்துவார்.

ஒருவழியாகக் குடையோடு ஓடி வந்தவர் பூங்காவின் மேலாளர். வணக்கம்கூடச் சொல்லாமல் "நாளைக்கு ஓடிடுமில்ல?" என்றார். நாங்கள் அங்கே இருந்தவரை அவர் வாயில் வேறு பேச்சே வரவில்லை. அதனால் எங்களுக்குள் அவருக்கு 'நாளைக்கு சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

மேடையில் ரயில் நின்றது. பளபளவென்று புதுப் பெயிண்ட். வரிசைக்கு இரண்டிரண்டு இருக்கைகள். என் வீட்டுக்காரர் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரயில் பழசாச்சே சார்?"

"தண்டவாளம் எல்லாம் புதுசு. ரயில் மட்டும் வேற ஒரு பார்க்ல ஓடினது. அந்த பார்க்கை மூடிட்டாங்க."

"எதுக்கு மூடினாங்க?" என்று நான் கேட்டேன்.

"கூட்டம் வரலையாம்" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு சார் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டார். அதில் மணி அடித்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

மேடையில் ரயிலை அனுப்பும் வேலைக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். ஒல்லி, படபடவென்று பேசுவாள். நாங்கள் குருவி என்று கூப்பிட ஆரம்பித்தோம், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே அவள் என்னிடம் கிசுகிசுத்தாள்: "அக்கா, கடைசி வரிசைல இடது பக்க சீட்டு இருக்கில்ல? எல்லா சீட்டும் பெயிண்ட் காஞ்சிடுச்சு. அது மட்டும் காயவே மாட்டேங்குது. தொட்டா ஒட்டுது."

"பனி. இந்தக் குளிர்ல எதுதான் காயும்?" என்றேன். போய்த் தொட்டும் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆனால் ஈரமாக, சில்லென்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, ஈரத் தலையைத் துவட்டாமல் விட்டால் வருமே, அது.

கொஞ்சம் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று புரியாது. ரோலர் கோஸ்டர் ரயிலுக்கு இன்ஜின் கிடையாது. ஒரு சங்கிலி அதைச் சரிவில் உச்சிவரை இழுத்துப் போகும். அந்த ஏற்றத்தில் டக் டக் என்று கேட்குமே, அது ரயிலுக்கு அடியில் இருக்கும் கொக்கி தண்டவாளத்தின் ஒவ்வொரு பல்லிலாக மாட்டிக்கொள்ளும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாது. ஆனால் உச்சியைத் தாண்டினால் சங்கிலி விட்டுவிடும். அதற்கப்புறம் கடைசியில் காந்த பிரேக் வந்து பிடிக்கும்வரை, நான் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ரயில் நிற்காது. அது பாட்டுக்கு விழும், எழும், புரளும். உச்சியிலிருந்து விழும்போது உடம்பு இருக்கையைவிட்டுத் தானாக எழும்பும். எழும்பும் உடம்பைப் பிடித்து வைப்பது தொடைமேல் வந்து பூட்டிக்கொள்ளும் ஒரே ஒரு கம்பி. நாங்கள் அதை மடிக்கம்பி என்போம்.

மடிக்கம்பி கீழே இறங்கும், மேலே ஏறாது. மேடையில் வைத்து நாங்கள் திறந்தால்தான் ஏறும். என் அறைத் திரையில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு கோடு உண்டு. காலி இருக்கையில் கம்பி அடிவரை இறங்கும், கோடும் அடியில் போய் நிற்கும். ஆள் உட்கார்ந்திருந்தால் தொடை தடுக்கும் இடத்தில், நடுவில் நிற்கும்.

முதல் நாள் காலி ரயிலை ஓட்ட எல்லாக் கம்பிகளையும் மூடினோம். எல்லாக் கோடுகளும் அடிக்குப் போயின. கடைசி வரிசை இடது பக்கம் மட்டும் போகவில்லை.

"அழுத்துங்க" என்று மேடையில் இருந்த என் வீட்டுக்காரரிடம் வயர்லெஸ்ஸில் சொன்னேன்.

"அழுத்திட்டேன்மா. இறங்க மாட்டேங்குது. ஏதோ மெத்துனு தடுக்குது."

கோடு நடுவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பெரிய ஆளின் தொடை அல்ல. சின்னத் தொடை.

பழுது என்றே நினைத்தோம். வேறு என்ன நினைப்பது? கம்ப்யூட்டர் அந்த வரிசையைக் கணக்கில் எடுக்காதபடி செய்துவிட்டு, அந்த இருக்கை தவிர மற்றவற்றில் பொம்மைகளை ஏற்றினோம். சோதனைக்கு ஆட்களை ஏற்ற மாட்டார்கள். மனிதக் கனத்துக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகள், தலை இல்லாமல், மடியில் கம்பியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். குருவி அவற்றைப் பார்த்து "விருந்தாளிங்க எல்லாம் வந்தாச்சு" என்று சிரித்தாள்.

ரயில் ஏறியது, விழுந்தது, சுற்றி வந்து பிரேக்கில் நின்றது. குருவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசி வரிசையில் வலது பக்கப் பொம்மையைக் காணோம்.

அதன் மடிக்கம்பி நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நின்றது. ஏறவே கூடாத கம்பி. பக்கத்தில் இடது இருக்கை, காலையிலிருந்து எங்களை இழுத்தடித்த அதே இருக்கை, கம்பி அடிவரை இறங்கி ஒழுங்காக மூடியிருந்தது.

பொம்மையை உச்சிக்குக் கீழே புல்லில் கண்டுபிடித்தோம். வெடித்துத் தண்ணீரெல்லாம் கொட்டிப்போய், ஒரு வெறும் தோலாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் மனிதன் இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை மட்டுமா வாட்டியிருக்கும்? அவரும் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் அந்த வரிசையைப் பிரித்துப் போட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் பாகங்களை இடம் மாற்றிப் பார்ப்போம். பாகத்தோடு பழுதும் போனால் பாகம் கெட்டது. போகாமல் அங்கேயே நின்றால் வயர் கெட்டது. கடைசி வரிசைக் கம்பியை முதல் வரிசைக்கும், முதல் வரிசைக் கம்பியைக் கடைசிக்கும் மாற்றினார். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. பொம்மையை விட்டுவிட்ட கம்பியைத் தாங்கும் சிலிண்டரில் மட்டும் லேசாக எண்ணெய் கசிந்திருந்தது. "இதுதான்மா வில்லன்" என்று புதிதாக ஒன்றைப் பூட்டினார். அதோடு விடாமல் எல்லா இருக்கையிலும் புதிது போட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம். வர மறுக்கும் போல்ட்டைத் திட்ட மாட்டார், கொஞ்சுவார். வயர்லெஸ் திறந்தே கிடந்ததில் மத்தியானம் முழுக்க அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

"வா கண்ணு... பயப்படாத... நான் இருக்கேன்ல. மெதுவா, மெதுவா வா. அப்படித்தான் செல்லம். என்கூட வந்துடு."

"என்னைக்காவது என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

"நீ போல்ட் மாதிரி இறுகிக்கிட்டா கூப்பிடுவேன்."

குருவி சிரித்த சிரிப்பு மேடையெல்லாம் கேட்டது. நானும் சிரித்தேன். அந்தக் கொஞ்சல் யார் காதில் விழுந்தது என்று அப்போது எங்களுக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகு பழுது போயே போய்விட்டது. கடைசி வரிசை இடது இருக்கை அடிவரை மூடியது. பொம்மைகளை ஏற்றி விடாமல் ஓட்டினோம், மழையில் ஓட்டினோம், வெயிலில் ஓட்டினோம். ஒரு பொம்மை அசையவில்லை. நாளைக்கு சார் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம். அவர் ரயிலின் முதல் வரிசையில் உட்கார்ந்து கம்பிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் அறையில் இருந்தேன். தற்செயலாகத் திரையைப் பார்த்தேன்.

அவர் பக்கத்து இருக்கையின் கோடு நடுவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

கண்ணாடி வழியே மேடையைப் பார்த்தேன். அவர் மட்டும்தான் இருந்தார். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. கம்பி பாதியில் நின்றது.

"ஏங்க, கொஞ்சம் நடு வரிசைக்குப் போய் உட்காருங்களேன்."

"எதுக்கு?"

"சொன்னா கேளுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். நடு வரிசையில் அவர் பக்கத்து இருக்கைக் கம்பியைக் மூடும்படி குருவியிடம் சொன்னேன். அது பாதியில் நின்றது. அவர் விட்டுவந்த முதல் வரிசையில் கம்பி இப்போது அடிவரை போனது. இன்னொரு வரிசைக்கு அனுப்பினேன். அங்கேயும் அதேதான். பழுது எதோடு போகிறது என்று பார்க்க எனக்கு நானே தேர்வு வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அது பாகத்தோடு போகவில்லை, வயரோடும் நிற்கவில்லை.

அவரோடு போனது.

ஆனால் நான் படித்த படிப்பு சும்மா இருக்குமா? உடனே ஒரு காரணத்தை எடுத்து நீட்டியது. இடுப்பில் வயர்லெஸ் மாட்டியிருக்கிறார். அதன் அலை பக்கத்து சென்சாரைக் குழப்புகிறது. ஆமாம், அதுதான். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். கம்பி நிஜமாகவே பாதியில் நின்றதே என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டது. அதை வாயை மூடு என்றேன்.

இங்கேதான் எங்கள் தொழிலின் இன்னொரு வழக்கம் வந்து நின்றது. பொம்மைகள் ஓடி முடித்தபின் முதலில் ஏறும் மனிதன், போல்ட்டை முடுக்கியவனாகத்தான் இருக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, ஆனால் அவர் அதைச் செய்யாமல் ஒரு ரயிலையும் ஒப்படைத்ததில்லை.

"இந்த ஒரு தடவை வேணாங்க" என்றேன்.

"நான் ஏறாத வண்டில ஊர்க் குழந்தைங்களை ஏத்தச் சொல்றியா?"

"எனக்கு மனசு சரியில்ல."

"உனக்கு எப்பம்மா சரியா இருந்திருக்கு?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு சுத்து. வந்துடுவேன். வயர்லெஸ்ஸைக்கூட உங்கிட்டயே குடுத்துட்டுப் போறேன், சரியா?" என்றார்.

பயமாக இருக்கிறது என்று அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டால் என்ன சொல்வேன்? பக்கத்தில் நாளைக்கு சார் வேறு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சாயங்காலம் பனி மறுபடி கீழே இறங்கியது. அவர் நடு வரிசையில் உட்கார்ந்தார். அவர் கம்பியை நானே போய் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. பக்கத்துக் கம்பி பாதியில் நின்றது. வயர்லெஸ் என் கையில் இருந்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆள் இல்லை என்று பதிந்த இருக்கையில் கோடு நடுவில் நின்றால் கம்ப்யூட்டர் ரயிலை விடாது. அதனால் அறைக்குத் திரும்பி நான் செய்தது இதுதான்: அந்த வரிசையைப் பார்க்காதே என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டேன். திரையில் இருக்கைக்கு ஒரு கோடு தெரிந்தாலும், ரயிலை நிறுத்துவதற்குக் கம்ப்யூட்டருக்கு வரிசைக்கு ஒரே கண்தான். அதை மூடச் சொன்னால் இரண்டு இருக்கைக்கும் சேர்த்துத்தான் மூடும். அவர் இருக்கைக்கும் சேர்த்து. அவர் கம்பியை என் கையால் இழுத்துப் பார்த்தாயிற்றே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

குருவி பொத்தானை அழுத்தினாள். அவர் திரும்பி எனக்குக் கையாட்டினார். ரயில் மேடையை விட்டு நகர்ந்து ஏற்றத்தில் சங்கிலியைப் பிடித்தது.

டக். டக். டக்.

முதல் வரிசை பனிக்குள் போனது. அவரும் போனார். அப்புறம் எனக்கு மிஞ்சியது சத்தமும் திரையும்தான்.

டக். டக்.

அவர் கோடு நடுவில். பக்கத்துக் கோடு நடுவுக்குக் கீழே. இரண்டும் அசையவில்லை. நான் மூச்சு விட்டேன்.

பாதி ஏற்றம் தாண்டியது. பக்கத்துக் கோடு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

அடிவரை போய் நின்றது.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சென்சார் சரியாகிவிட்டது என்று குருவியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

அவர் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பூட்டிய கம்பி, ஏறவே முடியாத கம்பி, அவர் தொடையைவிட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. யாரோ அவருக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைவதுபோல.

புல்லில் கிடந்த பொம்மை என் கண்ணில் வந்தது. பக்கத்து இருக்கை ஒழுங்காக மூடியிருந்ததும் வந்தது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அங்கே இருப்பது எதுவோ அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அது சின்னது. உயரம் போகப் போக அதற்குப் பயம் வருகிறது. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் மடியில் ஏறிக்கொள்கிறது.

உச்சியில் அவரைப் பிடிக்கக் கம்பி இருக்காது.

கம்ப்யூட்டர் நிறுத்தாது. அதன் கண்ணை மூடியவளே நான்தான்.

சிவப்புப் பொத்தானை இரண்டு கையாலும் அறைந்தேன். சங்கிலி கிறீச்சிட்டு நின்றது. டக் சத்தம் நின்றது. உச்சியைத் தாண்டிவிட்டதா, கொக்கி பிடித்துக்கொண்டதா? காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விழும் ரயிலின் இரைச்சல் கேட்கவில்லை.

"அக்கா, என்னாச்சு?" என்று குருவி அறைக்கு ஓடி வந்தாள்.

"எதையும் தொடாத. யார் சொன்னாலும் தொடாத. அவர் சொன்னாலும்" என்று நாளைக்கு சாரைக் காட்டிவிட்டு, நடுவழியில் நின்ற ரயிலின் கம்பியைத் திறக்கும் பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஏற்றத்தை ஒட்டி மேலேவரை குறுகலான இரும்புப் படி. ஈரத்தில் வழுக்கியது. கைப்பிடியில் இருந்து தண்ணீர் என் சட்டைக் கைக்குள் ஒழுகியது. சிறிது தூரத்தில் மேடையின் விளக்கும் பனிக்குள் போய்விட்டது. என் மூச்சும், படியில் என் செருப்புச் சத்தமும் மட்டும்தான். கடவுளே, அவரை மட்டும் விட்டுவிடு, இனி அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டேன் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன்.

நின்றேன்.

மேலே யாரோ விசும்பினார்கள். அவர் குரல் இல்லை.

அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே இருப்பது என் மனிதன்.

ரயில் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது. முதல் வரிசை உச்சியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் போயிருக்கும். அவர் நடு வரிசையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மடிக்கம்பி அவர் நெஞ்சுக்கு மேலே நின்றது. உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க."

"கிட்ட வராதம்மா" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். "கனமா இருக்கு. மடியில... கால் மரத்துப்போச்சு."

"என்ன கனம்?"

"தெரியல. நடுங்குது. நான் இல்ல, அது நடுங்குது."

அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தேன். நெஞ்சுக்கு நேரே துணி இரண்டு இடத்தில் சுருட்டி இழுபட்டிருந்தது. குழந்தைகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்போது சட்டை அப்படித்தான் சுருளும். பிடித்த கை எதுவும் இல்லை. ஈரத் தலைமுடியின் வாசம் குப்பென்று வந்தது.

பெட்டியை மாட்டினேன். கம்பி முழுவதும் திறந்தது. "எழுந்திரிங்க!" அவர் முயன்றார். முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். பாறாங்கல்லை இழுத்தாற்போல இருந்தது. ரயில் ஒரு முறை முனகியது. அடியில் கொக்கி நறநறத்தது.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "விடு! விடு அவரை!" என்று கத்தினேன்.

சட்டை இன்னும் இறுகியது. அவர் வலியில் முனகினார்.

கத்தினால் எந்தக் குழந்தை விடும்? நான் படியில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவர் போல்ட்டோடு பேசும் பேச்சை எடுத்துக்கொண்டேன்.

"கண்ணு... பயமா இருக்கா? எனக்கும்தான் பயமா இருக்கு. ரொம்ப உயரம். இந்த வண்டி வேணாம் நமக்கு. கீழ போயிடலாம். நான் தூக்கிக்கிறேன். இனிமே யாரும் உன்னை மேல ஏத்த மாட்டாங்க. வா செல்லம். என்கிட்ட வா."

விசும்பல் நின்றது.

இடது பக்கச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது. பிறகு வலது.

என் கழுத்தில் ஈரமாக ஏதோ வந்து சுற்றிக்கொண்டது. இடுப்பில் ஒரு கனம் ஏறியது.

அவர் ஒரே பாய்ச்சலில் எழுந்து படிக்கு வந்துவிட்டார். "எங்கம்மா? எங்க போச்சு?"

"தெரியல. முன்னால இறங்குங்க. திரும்பிப் பாக்காதீங்க."

அவர் முன்னால் இறங்கினார். நான் பின்னால், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. இன்னொரு கையை எங்கே வைத்திருந்தேன் என்று அவர் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் நாளைக்கு சார் கத்த ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்தார், அந்த ஆள் அடங்கிவிட்டார். கம்ப்யூட்டரின் கண்ணைத் திறந்துவிட்டு, அன்று இருட்டும் வரை பொம்மைகளை வைத்து ஓட்டினோம். பிறகு அவர் பிடிவாதமாக ஒரு சுற்று ஏறினார். நான் தடுக்கவில்லை. எல்லாக் கோடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ரயிலில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே. அது அறையில் என் மடியில் உட்கார்ந்திருந்தது.

"போயிடுச்சா?" என்று இரவில் அவர் கேட்டார்.

"போயிடுச்சு."

அவரிடம் நான் மறைத்த ஒரே விஷயம் இது. சொன்னால் தூங்க மாட்டார். நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். கனம் அவ்வளவு இல்லை. மேலே ஏற்றாமல் தரையில் வைத்துக்கொண்டால் அது யாரை என்ன செய்துவிடப் போகிறது? விடியும்போது அதன் மூச்சு என் தோளில் சீராக வந்துகொண்டிருந்தது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

காலையில் நல்ல வெயில். குருவி கேட்வரை வந்து வழியனுப்பினாள். அவர் சீட்டி அடித்துக்கொண்டு வேனை எடுத்தார். பூங்காவைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, முதல் வளைவில் திரும்பினோம். எதிரே மலை சரேலென்று விலகியது. கீழே, வெகு கீழே, சாலை ரிப்பன் மாதிரி தெரிந்தது.

மலைமேல் இருந்து வீட்டுக்குப் போக இறங்கித்தானே ஆக வேண்டும்? இந்தப் பெரிய இன்ஜினியருக்கு அது உறைக்கவே இல்லை.

என் மடியில் நடுக்கம் தொடங்கியது.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று மூச்சுக்குள் சொன்னேன். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். "நான் இருக்கேன்ல. என்கிட்டயே இரு."

"யார்கிட்டம்மா பேசுற?"

வேன் சரிவில் வேகம் பிடித்தது. அணைத்திருந்த என் கைகள் ஒன்றோடொன்று வந்து மோதின.

மடி லேசாகிவிட்டது.

"ஏம்மா" என்றார் அவர். சீட்டி நின்றுவிட்டது. "பிரேக்குக்குக் காலை எடுக்க முடியலம்மா."